இடுப்பில் கட்டிய அரிசி

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் முதலில் கேட்பது "சாப்ட்டாச்சா?" என்றுதான். பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் அதே கேள்வி, சாவு வீட்டு வாசலில் பார்த்தாலும் அதே கேள்வி. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் விடியற்காலை நடக்க வரும் எங்கள் ஆறு பேருக்குள் மட்டும் அது வழக்கொழிந்துவிட்டது. நாங்கள் கேட்பது, "நேத்து ராத்திரி என்ன சாப்ட்டிய?" கேட்கிற குரலில் உபசாரம் இருக்காது, போலீஸ் ஸ்டேஷன் இருக்கும்.

தலைமை, டீச்சருக்கு. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்து மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி, அவர் சம்சாரம், எல்.ஐ.சி. ஏஜெண்டாக இருக்கும் ஒரு பாய், பேங்கில் வேலை பார்க்கும் ஒரு சின்னப் பெண் (நாற்பது வயது, எங்களுக்குச் சின்னப் பெண்), கடைசியாக நான். ஒவ்வொருத்தருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருக்கிறது. எங்களை ஒன்று சேர்த்தது நட்பு இல்லை, அந்தச் சீட்டுகள்தான். நட்பு பிற்பாடு வந்தது, பசி வந்த பிறகு.

நாளைக்கு மாவுச்சத்து 60 கிராமுக்குள். பெண்களுக்கு 1,200 கலோரி, ஆண்களுக்கு 1,500. டாக்டர் வாயால் சொன்னதை டீச்சர் நோட்டில் கட்டம் போட்டு ஏற்றியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வேப்பமரத்தடியில் எடை பார்ப்பது. டீச்சர் பையிலிருந்து டிஜிட்டல் மெஷினை எடுத்துச் சிமெண்டுத் திண்டில் வைப்பார். ஒவ்வொருத்தராகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவேண்டும். எண்ணை அவர் உரக்கப் படிப்பார். நான் தபால் ஆபீஸில் காலமெல்லாம் ஊரார் பார்சலை எடை போட்டவள். இப்போது நானே தட்டில் ஏறி நிற்கிறேன். ஸ்டாம்பு ஒட்டாததுதான் குறை.

ஆரம்பிக்கும் முன்னாலேயே அண்ணாச்சி ஒரு காரியத்தில் கறாராக இருந்தார். "சர்க்கரைக்கு மாத்திரை திங்கிறவங்க டாக்டரக் கேக்காம சோத்துல கை வைக்கப்படாது" என்றார். சோற்றுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்த மாத்திரை, சோறு குறைந்த பிறகும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கிளிமிபிரைடு, இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கி மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. சர்க்கரை அளவு பெரிதாகக் காட்டாமலேயே ஏறும். பாய்க்கு டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்த பிறகுதான் டீச்சர் நோட்டில் பெயர் ஏறியது. மாத்திரை விற்றுப் பிழைக்கிறவர் மாத்திரை குறைய வழி சொல்வதை இந்தக் காலத்தில்தான் பார்க்கிறேன்.

செங்கோட்டையில் எனக்கு எட்டு வயதாக இருக்கும்போதும் எங்கள் வீட்டில் எல்லாரும் குறைந்த கலோரி உணவில்தான் இருந்தோம். அப்போதும் ஓர் ஆதரவுக் குழு உண்டு. இந்திய அரசாங்கம் என்று அதற்குப் பெயர்.

1965. பாகிஸ்தானோடு சண்டை, மழை பொய்த்த வருஷம், நாடெங்கும் தானியத் தட்டுப்பாடு. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை ராத்திரி ஒருவேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். எங்கள் அப்பா கடையில் கணக்கு எழுதுகிறவர், தேசபக்தர். வீட்டுக்கு வந்து, "இனிமே திங்கக்கிழமை ராத்திரி கிடையாது" என்று அறிவித்தார். அம்மா பதில் பேசவில்லை. ஏற்கெனவே புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ராத்திரி அடுப்பு எரியாத வீடு அது. திங்கட்கிழமைக்கு மட்டும் ஒரு கௌரவம் வந்து சேர்ந்தது. நாங்கள் பட்டினி கிடக்கவில்லை, நாட்டுக்கு உதவிக்கொண்டிருந்தோம்.

மற்ற வேளைகளில் கஞ்சி. அதற்குத் துவையல். கிடைத்தால் மரவள்ளிக் கிழங்கு. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் சோள உப்புமா, பால் பவுடரில் கரைத்த பால். இந்தச் சாப்பாட்டைப் போன மாதம் ஒருநாள் நடந்துகொண்டே டீச்சரிடம் சொன்னேன். அவர் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "கலோரியில பாஸ், மாவுச்சத்துல பெயில்" என்றார். சரிதான். கஞ்சியில் மாவைத் தவிர வேறென்ன இருக்கிறது, தண்ணீரைத் தவிர.

செங்கோட்டை ஒரு விசித்திரமான ஊர். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை அது மலைக்கு மேற்கே உள்ள திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது; அன்றிலிருந்து சென்னை மாநிலம். எங்கள் ஆச்சிக்கு, அதாவது பாட்டிக்கு, இந்தத் தேதி மேல் மரியாதை இல்லை. அவளுடைய தங்கையைக் கொடுத்தது மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில். கார் நெல்லோ பிசான நெல்லோ அறுவடை ஆனதும் தங்கை வீட்டுக்கு அரிசி கொண்டுபோவது அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீர். அறுபதுகளின் நடுவில் ஒரு மாநிலத்து அரிசி இன்னொரு மாநிலத்துக்குத் தன்னிஷ்டத்துக்குப் போகக் கூடாது என்று சட்டம் வந்தது. கேரளத்தில் அரிசிக்குப் பெரும் பஞ்சம். ஆச்சி கொண்டுபோன சீர், அரசாங்கத்தின் கணக்கில் கடத்தல் ஆனது.

ஆச்சி சட்டத்தை மீறவில்லை என்றே கடைசிவரை சொல்லுவாள். துணிப்பையை நீளவாக்கில் தைத்து, அதில் அரிசியை நிரப்பி, இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மேலே கண்டாங்கிச் சேலையைச் சுற்றிக்கொள்வாள். நாலு படி அரிசி. மீட்டர் கேஜ் ரயிலில் அந்தக் காலத்தில் பாதிப் பெண்கள் அப்படித்தான் ஏறுவார்கள். செங்கோட்டையில் ஏறும்போது கொடிபோல நின்றவர்கள்கூட, வண்டி பகவதிபுரம் தாண்டும் முன்னால் பூரித்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். சோதனைக்கு ஏறுகிற ஆட்கள் பொம்பளைகள் இடுப்பைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஒருத்தர் ஆச்சியிடம், "என்னம்மா, இந்த வயசில?" என்று கேட்டாராம். ஆச்சிக்கு அப்போது அறுபது. "ஆண்டவன் கொடுத்தது" என்றாளாம்.

குகை வரும்போது பெட்டி இருட்டாகும். இருட்டில் பெண்கள் பைகளைத் தளர்த்திக் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வார்கள். கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலத்தை வண்டி கடக்கும்போது எல்லாரும் வெளியே பார்ப்பார்கள். ஆச்சி மட்டும் பார்க்க மாட்டாள். குனிந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

டீச்சரின் பையில் எடை மெஷினோடு ஒரு இஞ்ச் டேப்பும் இருக்கிறது. எடை இறங்காத வாரம் அது வெளியே வரும். நம் நாட்டவருக்கு இடுப்புச் சுற்றளவு பெண்கள் என்றால் 80 சென்டிமீட்டர், ஆண்கள் என்றால் 90, அதற்கு மேல் போனால் அபாயம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உடம்பு மொத்தத்தில் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் வருவது நம்மவர் வாகு. அதனால்தான் வெள்ளைக்காரருக்கு உள்ளதைவிட நமக்கு வரம்பு இறுக்கம். எனக்கு அந்த வரம்புக்கு மேலே இருக்கிற சரக்கு, ஆச்சி கட்டிக்கொண்டு போனதைவிட அதிகம். அதுவும் அரிசிதான். அவள் வெளியே கட்டினாள், நான் உள்ளே கட்டியிருக்கிறேன். அவளுக்குப் புனலூரில் இறக்கிவைக்க முடிந்தது.

ஆச்சியின் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாத்தா போனபிறகு அவளுக்கு ஒருவேளைச் சோறுதான். ராத்திரி பலகாரம் என்று பேர். அரைத் தோசை, அதுவும் இல்லாத நாளில் ஒரு வாழைப்பழம். சஷ்டி, கார்த்திகை, ஏகாதசி என்று மாதத்தில் பல நாள் அதுவும் கிடையாது. இப்போது எங்கள் சின்னப் பெண் ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் பதினொரு மணி வரை பட்டினி இருக்கிறாள். அதற்குப் பதினாறு மணி நேர விரதம் என்று பெயர். செல்போனில் ஒரு கடிகாரம் ஓடுகிறது, முடிந்ததும் அது பூ தூவி வாழ்த்துகிறது. ஆச்சிக்குப் பூ தூவ ஆளில்லை. அவள் சாப்பிடாததை யாரும் கவனிக்கக்கூட இல்லை. கவனிக்காமல் இருப்பதற்கு வசதியாகத்தான் அதற்கு சாஸ்திரம் என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு சாஸ்திரமும் கிடையாது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு பானையில் கிடப்பதுதான் அவள் பங்கு. அப்பாவுக்குப் பரிமாறும்போது "போதும்" என்பார். அம்மா இன்னொரு கரண்டி வைப்பாள். அண்ணன் "போதும்" என்பான்; அவனுக்கும் வைப்பாள். அவள் உட்காரும்போது பானையில் நீராகாரம் இருக்கும், அடியில் ஒரு கைப்பிடி. வீட்டில் இருந்த அத்தனை பேரும் அம்மாவின் உணவுக் கட்டுப்பாட்டுக்கு முழு ஆதரவு கொடுத்தோம். அவளுக்கென்று மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

அதே வருஷங்களில் உலகத்தின் இன்னொரு மூலையில் நடந்ததைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நைடெட்ச் என்று ஒரு இல்லத்தரசி. பிஸ்கட்டைப் பிறர் கண்ணில் படாமல் ஒளித்துவைத்துத் தின்கிற பழக்கம். நகரச் சுகாதாரத் துறை நடத்திய உடல்பருமன் கிளினிக்கில் ஒரு உணவுமுறை கொடுத்தார்கள். அட்டையில் எழுதியிருந்தது அவருக்குச் சரி; தனியாகக் கடைப்பிடிக்கத்தான் முடியவில்லை. 1961இல் குண்டாக இருந்த சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டார். ஒளித்துவைத்த பிஸ்கட்டைப் பற்றி வாய்விட்டுச் சொன்னார். மற்றவர்களும் தங்கள் தங்கள் ஒளிப்பிடங்களைச் சொன்னார்கள். 1963இல் அது வெயிட் வாட்சர்ஸ் என்ற கம்பெனியாக ஆனது. பட்டினிக்குச் சந்தா கட்டுகிற முதல் தலைமுறை அங்கே உருவானபோது, அதே அமெரிக்காவிலிருந்து கோதுமை ஏற்றிய கப்பல்கள் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்துகொண்டிருந்தன. அந்தப் பெண்கள் வேண்டாம் என்று தள்ளிய ரொட்டிதான் எங்களுக்குச் சோள உப்புமாவாக வந்தது என்று சொல்ல மாட்டேன். கணக்கு அப்படி நேராக இல்லை. ஆனால் எட்டு வயதில் எனக்கு யாராவது குவீன்ஸைப் பற்றிச் சொல்லியிருந்தால், அது கைலாயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் என்றுதான் நினைத்திருப்பேன்.

பிறகு அரிசி வந்தது. 1966இல் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 ரகத்தை வெளியிட்டது. குட்டையான பயிர், மலைபோல மகசூல். வடித்தால் மொத்தையாக, ருசியே இல்லாமல் இருக்கும். ஆச்சி அதை அரிசி என்றே ஒப்புக்கொள்ளவில்லை. 1967 தேர்தலில் அண்ணாதுரையின் கட்சி ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது. நிச்சயமானது சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் வந்தது. செங்கோட்டைக்கு லட்சியம் மட்டும் வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் அரிசி இருந்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய். 2011இல் விலையே இல்லை. கார்டுக்கு மாதம் 20 கிலோ இலவசம். பசியை விரட்டியதில் இந்த மாநிலத்துக்குப் பெருமை உண்டு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தபால் ஆபீஸ் வாசலில் முதியோர் பென்ஷனுக்குக் காத்து நின்ற கிழவிகளுக்கு அந்த அரிசி என்னவாக இருந்தது என்று கண்ணால் பார்த்தவள். சொல்ல வந்தது வேறு. அரிசி வந்து சேர்ந்த அன்று, அதோடுகூட வேறொன்றும் தட்டில் வந்து சேரவில்லை. பருப்பும் காயும் முட்டையும் அன்றைக்கு இருந்த தொலைவிலேயே நின்றுகொண்டன. நாங்கள் பஞ்ச காலத்துச் சாப்பாட்டையேதான் சாப்பிட்டோம், மூன்று மடங்காக.

எனக்கும் அப்படித்தான். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை. பெயர் மூன்று, பொருள் ஒன்று. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து. நாற்காலியில் உட்கார்ந்து முத்திரை குத்துகிற உத்தியோகத்துக்கு, நாற்று நடுகிறவளின் சாப்பாடு. லீவுக்கு ஊருக்குப் போனால் பிரானூர் பார்டரில் பரோட்டா. சிறுவயதில் சாப்பிடாததை எல்லாம் வட்டியோடு வசூலித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் ஒருநாள் மூன்று மாத சராசரிச் சர்க்கரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நான் தனியாள் இல்லை, ஐ.சி.எம்.ஆர். நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் இந்தியாவில் 10 கோடிக்கு மேல் சர்க்கரைக்காரர்கள் என்று சொன்னது. அதே ஆய்வின் உணவுக் கணக்கு 2025இல் வந்தது: சராசரி இந்தியத் தட்டில் 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்து. நாடே கஞ்சியைக் கெட்டியாக்கிக் குடித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் குழுவின் முதல் வாரம் திருவிழா. எல்லாருக்கும் இரண்டு கிலோ, மூன்று கிலோ இறங்கியது. பாய் சாயா கடையில் எல்லாருக்கும் சர்க்கரை போடாத டீ வாங்கிக் கொடுத்தார். டீச்சர்தான் கொண்டாட்டத்தைக் கெடுத்தார். உடம்பு மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்று சேமித்துவைக்கும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துவைக்கிறது. கையிருப்பு தீர்ந்ததும் அந்தத் தண்ணீர் போகிறது. போனது கொழுப்பு இல்லை என்றார். இரண்டாவது வாரம் தலைவலி, கிறுகிறுப்பு. தண்ணீரோடு உப்பும் போயிருந்தது. மோரில் உப்புப் போட்டுக் குடிக்கச் சொன்னார் அண்ணாச்சி, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கேட்டுவிட்டுக் குடிக்கும்படி. மூன்றாவது வாரம் எடை நின்றுவிட்டது. அங்கேதான் சண்டை தொடங்கியது.

முதல் சண்டை பாதாமைப் பற்றி. அண்ணாச்சி சம்சாரம் யாரோ சொன்னார்கள் என்று காலையில் நூறு பாதாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நெய்யில் வறுத்து. மாவுச்சத்து குறைவு, சந்தேகமில்லை. டீச்சர் எடைபோட்டுக் கணக்குப் பண்ணியதில் கலோரி 700ஐத் தொட்டது. மாவுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9. "மைனி, மாவக் கொறைக்கச் சொன்னா கலோரியக் கூட்டுதிய" என்றார். மைனி நாலு நாள் நடக்க வரவில்லை. பாதாமின் விலையைக் கேட்டபிறகு அண்ணாச்சியே சமாதானத்துக்கு வந்தார்.

இரண்டாவது சண்டை சிறுதானியம். ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்ததிலிருந்து குதிரைவாலியும் சாமையும் கண்ணாடிப் பாக்கெட்டில் ஏறிவிட்டன. ஆச்சி இரவல் வாங்கிச் சமைத்ததும், அதை விருந்தாளி வரும்போது மறைத்துவைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. கேப்பைக் களி தின்கிற வீடு என்று தெரிந்தால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இப்போது சின்னப் பெண் கேப்பை தோசையை வட்டத் தட்டில் வைத்துப் படம் பிடித்து அனுப்புகிறாள். டீச்சர் இரக்கமே இல்லாமல் பதில் அனுப்பினார்: கேப்பையிலும் 100 கிராமுக்கு 70ஐ ஒட்டி மாவுச்சத்து. நாரும் சுண்ணாம்புச் சத்தும் அரிசியைவிட அதிகம், நல்ல தானியம், ஆனால் நம் நோட்டில் அது அரிசிக்குச் சொந்தக்காரன். பெரிய மனுஷனாகி ஊர் திரும்பிய ஏழை உறவுக்காரனிடம் பேசுகிற தயக்கத்தோடுதான் நாங்கள் எல்லாரும் கேப்பையை விட்டோம்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகன் போனில், "அம்மா, லோ கார்ப் பெருசா, லோ ஃபேட் பெருசான்னு இங்க ஆராய்ச்சி பண்ணிட்டாங்க" என்றான். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்துச் செய்தது, 2018இல் வெளியானது. ஒரு வருஷம் முடிவில் ஒரு கோஷ்டிக்குச் சராசரி 5.3 கிலோ, இன்னொன்றுக்கு 6 கிலோ; குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. டீச்சரிடம் சொன்னேன். மனம் தளர்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "ரெண்டு கூட்டமும் தனியாவா இருந்தாங்க?" இல்லை. இரண்டு பிரிவையும் ஒரு வருஷத்துக்குள் 22 வகுப்புகளில் கூட்டிவைத்துப் பேசியிருக்கிறார்கள். "அப்போ ஞாயித்துக்கிழமை வாங்க" என்று போனை வைத்துவிட்டார்.

வகுப்பு நடக்காத இடம் வீடு. என் வீட்டுக்காரருக்குச் சோறு வடிக்கிறேன்; வடித்த கையோடு எனக்குக் காலிஃபிளவரைத் துருவிக்கொள்கிறேன். அவர் என் தட்டைப் பார்த்து, "பாவம்" என்பார். அம்மாவின் தட்டைப் பார்த்து ஒருத்தரும் பாவம் சொன்னதில்லை என்பது நினைவுக்கு வரும்; வாயைத் திறக்க மாட்டேன், திறந்தால் பசிதான் பேசும். கல்யாண வீடுகள் இன்னும் மோசம். இலையில் சோற்றைக் கையால் மறைத்தால் பரிமாறுகிறவர் விரல் இடுக்கில் போடுகிறார். "ஒரு கரண்டி சாப்ட்டா செத்தா போயிருவிய?" என்று உறவுக்காரர்கள் அன்போடு கேட்கிறார்கள். பஞ்ச காலத்தில் இந்தப் பந்திகளில் இரண்டாவது தடவை சோறு கேட்டால் பரிமாறுகிறவர் காது கேளாதவர் மாதிரி அடுத்த இலைக்குப் போய்விடுவார். அந்தக் காது இப்போதும் கேட்கவில்லை. "வேண்டாம்" என்று சொல்வது.

சோறு தள்ளிய இடத்தில் எங்கள் தட்டுக்கு எது வந்தது என்றால், ஊரில் எப்போதும் இருந்த காய்கள்தான். புடலை, சுரை, பூசணி, வெண்டை, கோவைக்காய், வாழைத்தண்டு, முருங்கைக்கீரை. உருளையும் சேனையும் வாழைக்காயும் வெளியே. அவியலில் தேங்காய் இருக்கலாம், கணக்கு வைத்துக்கொண்டு. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை. நான் சைவம், எனக்குப் பனீரும் தயிரும் கொஞ்சம் சுண்டலும். நிஜத்தில் இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ராத்திரி எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டில் தோசைக்கல்லில் மாவு விழும் சத்தம் கேட்கும் வரை. அந்த நேரத்தில் டீச்சருக்குப் போன் போடுவோம். அவர் ஆறுதல் சொல்ல மாட்டார். ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்லுவார். சொல்லி முடிக்கும் முன்னால் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள்.

எனக்கு எடை நிதானமாகத்தான் இறங்குகிறது. சர்க்கரை மட்டும் டாக்டரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிற அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஒரு மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். அண்ணாச்சியின் வியாபாரத்தில் அந்தப் பாதி நஷ்டம். அவர் அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை.

அதைக் கொண்டாட வேண்டும் என்று சின்னப் பெண் சொன்னாள். தின்னாமல் எப்படிக் கொண்டாடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் செங்கோட்டை போய், அங்கிருந்து ரயிலில் மலையைத் தாண்டிப் புனலூர் வரை போய்வருவது என்று முடிவானது. மீட்டர் கேஜைப் பிடுங்கி அகலப்பாதை போட்டு 2018இல் திறந்தார்கள். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. பகவதிபுரம், ஆரியங்காவு. யாரும் சோதிக்க ஏறவில்லை. டீச்சர்தான் ஒவ்வொருத்தர் பையையும் கையை விட்டுப் பார்த்தார். பாயின் பையில் அவித்த முட்டை, மைனியின் பையில் எண்ணிவைத்த பதினைந்து பாதாம், சின்னப் பெண்ணின் பையில் வெள்ளரிக்காய். அண்ணாச்சியின் சட்டைப் பையில் இரண்டு அல்வாத் துண்டு, மருந்துச் சீட்டில் பொதிந்து. "சர்க்கரை இறங்கிட்டா குடுக்கதுக்கு வச்சிருக்கேன், எமர்ஜென்சி" என்றார். டீச்சர் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். பதிமூன்று கண் பாலம் வந்தபோது நான் ஜன்னலில் தலையை நீட்டி நன்றாகப் பார்த்தேன்.

புனலூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல். பரிமாறும் பையன் வந்து, "ஊணு?" என்றான். ஆறு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். டீச்சர், சோறு இல்லாமல் அவியல், தோரன், மோர் மட்டும் தரமுடியுமா என்று கேட்டார். பையனுக்குப் புரியவில்லை. முதலாளி வந்தார். சாப்பாடு என்றால் சாப்பாட்டு விலை. சோறு வேண்டாம் என்றால் அது எங்கள் இஷ்டம், விலை அதேதான் என்றார். ஆறு சாப்பாட்டுக்குப் பணம். ஆறு இலையிலும் சிவப்பரிசிச் சோறு குவியாத இடத்தில் அவியலைப் போட்டுச் சாப்பிட்டோம். கை கழுவும்போதே டீச்சர் முகம் சரியில்லை. கணக்கு டீச்சர், காசு கொடுத்த பொருளை விட்டுவிட்டு வருவது அவரால் ஆகாது.

"ஆறு பேர் சோத்தயும் பார்சல் போட்டுக் குடுங்க" என்றார்.

பெரிய பொட்டலம். செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குச் சோறு மலையேறியது. வழி முழுக்க அது மைனியின் மடியில் சூடாக இருந்தது. அதன் வாசனையில் எங்கள் பெட்டியில் யாரும் பேசவில்லை. பாய் மட்டும் ஆரியங்காவுக்குள் இரண்டு தடவை ஏழாம் வாய்ப்பாடு சொன்னார். செங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது ராத்திரி ஒன்பது மணி. ஆறு பங்காகப் பிரித்தோம். என் பங்கை வீட்டுக்காரர் ரசம் ஊற்றி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு என் உணவுக் கட்டுப்பாட்டில் அக்கறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க செட்டு அடுத்த வாரமும் புனலூர் போவுதா?"